பள்ளிச் சீருடையும் நம் பிள்ளைகளும்

சென்ற மாதம் நமது சங்கத்தின் கூட்டம் முடிந்து எல்லோரும் தேநீர் அருந்திக்கொண்டிருந்த வேளையில் அன்பர் ஒருவர் ஒரு கேள்வியைக் கிளப்பினார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சீருடை அவசியந்தானா, அதனால் நமக்கு நன்மையா தீமையா என்பது அவர் கேள்வி. ஆளுக்கொரு அபிப்பிராயம் சொன்னார்கள். சத்தம் உயர்ந்தது. இஷாவுக்கு நேரமாகிவிடவே கூட்டம் கலைந்தது. "துணி விற்பவர் நீங்கள்தாம், நீங்களே எழுதுங்கள்" என்று செயலாளர் அவர்கள் நம் தலையில் கட்டிவிட்டார்கள்.

நாம் ஆலிமல்ல, பட்டம் பெற்றவருமல்ல. ஊர் மத்ரஸாவில் ஓதியதும் ஐந்தாம் வகுப்புவரை படித்ததும்தான் நம் கல்வி. ஆனால் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் இருபது வருஷமாகத் துணிக்கடை வைத்திருக்கிறோம். பள்ளிக்குப் போகும் மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பனாகவும் இருக்கிறோம். அந்த இரண்டு தகுதியை வைத்துக்கொண்டு எழுதுகிறோம். பிழையிருப்பின் பெரியோர் திருத்துவார்களாக.

ஒரு சாமானின் உபயோகம் தெரியாமல் அதன் விலையைப் பேச முடியாது. ஆகவே சீருடை எதற்காக என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஒழுக்கம் வரும் என்பார் சிலர். துணி ஒழுக்கத்தைக் கொடுக்குமானால் துணிக்கடைக்காரர்கள்தாம் ஊரிலேயே பெரிய ஒழுக்கசாலிகளாக இருக்க வேண்டும். நமக்குத் தெரிந்தவரை அப்படியில்லை. எந்தப் பள்ளிப் பிள்ளை என்று அடையாளம் தெரியும் என்பார் வேறு சிலர். அது உண்மைதான், ஆனால் சிறிய உபயோகம். நம் அபிப்பிராயத்தில் சீருடையின் தலையாய வேலை ஒன்றே. தகப்பனுடைய பணப்பையின் கனம் பிள்ளையின் முதுகில் தெரியக்கூடாது. டாக்ஸி ஓட்டுகிறவர் மகனும் வங்கி மானேஜர் மகனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால், ஆசிரியருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் இருவரும் ஒன்றாகத் தெரிய வேண்டும். இந்த வேலையைச் செய்கிறதா என்பதைக் கொண்டுதான் ஒவ்வொரு உடுப்பு விதியையும் நாம் எடைபோட வேண்டும்.

இந்த ஞானம் நமக்குப் புதிதல்ல. ஹஜ்ஜுக்குப் போகிற ஆண்கள் இஹ்ராமில் தைக்காத இரண்டு வெள்ளைத் துணியோடு நிற்கிறார்கள். அந்த மைதானத்தில் யார் கப்பல் முதலாளி, யார் கப்பலில் மூட்டை தூக்கியவர் என்று உடுப்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் இதில் நாம் அதிகம் கவனிக்காத ஒரு நுட்பம் உண்டு. அந்த இரண்டு துணி ஆண்களுக்கே விதிக்கப்பட்டது. பெண்கள் தங்கள் வழக்கமான, மானத்தை மறைக்கும் உடுப்பிலேயே இஹ்ராம் கட்டுகிறார்கள். முகத்தை மட்டும் மூடுவதில்லை. இந்தியப் பெண் ஒருவிதமாகவும், ஆப்பிரிக்கப் பெண் ஒருவிதமாகவும், மலாய்ப் பெண் வெள்ளைத் தெலுக்குங்கிலும் வருகிறார்கள். அதனால் அங்கே சமத்துவம் குறைந்துபோயிற்று என்று யாரும் சொன்னதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி, சீருடை வந்த கதை. லண்டன் நகரத்தில் 1552-ம் வருஷம் தொடங்கிய கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல் என்ற தர்மப் பள்ளியின் ஏழைப் பிள்ளைகளுக்கு நீண்ட நீலச் சட்டை கொடுத்தார்கள். அதாவது, பள்ளிச் சீருடை தொடக்கத்தில் தர்மம் வாங்கிய பிள்ளையின் அடையாளம்! பணக்காரப் பள்ளிகள் பிற்காலத்தில்தான் அதைத் தமக்கென்று எடுத்துக்கொண்டன.

நம் தமிழ்நாட்டிலோ காமராஜர் முதலமைச்சராக இருந்த 1954 முதல் 1963 வரையிலான காலத்தில், பொதுக்கல்வி இயக்குநராகப் பணியாற்றிய நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தி, மதிய உணவோடு சீருடைக்கும் ஊர்மக்களிடமே உதவி திரட்டினார்கள். கிழிந்த உடுப்பென்று வெட்கப்பட்டுப் பிள்ளைகள் வீட்டிலேயே நின்றுவிடுவதை அவர்கள் கண்டிருந்தார்கள். பின்னர் 1985-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவு உண்ணும் பிள்ளைகளுக்கு அரசாங்கமே இலவசச் சீருடை வழங்கத் தொடங்கியது. நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் துணி நெய்தன. பெண்களின் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் தைத்துக் கொடுத்தன. எத்தனையோ தறிகளுக்கும் தையல் மெஷின்களுக்கும் அதனால் வேலை கிடைத்தது.

அந்தச் சீருடையை அணிந்தவர்களில் நாமும் ஒருவர். காக்கி நிஜார், வெள்ளைச் சட்டை. வாங்கிய அன்று எங்களுக்குப் பெருநாள்தான். ஆனால் ஒரு வாரத்தில் விஷயம் தெரிந்துபோயிற்று. இலவசக் காக்கி செம்மண் கலந்ததுபோல் வெளிறியிருக்கும். அளவும் ஆளுக்குத் தக்கபடி இராது. கடையில் எடுத்துத் தைத்த காக்கி அழுத்தமான நிறத்தில் மடிப்புக் கலையாமல் நிற்கும். வெளிநாட்டில் வாப்பா இருந்த பிள்ளைகள் அதை அணிந்து வந்தார்கள். சீருடையென்று பெயர், வகுப்பிலோ இரண்டு கட்சி! எங்களுக்குச் "சத்துணவு" என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். நம் உம்மா அந்த நிஜாரைச் சோற்றுக் கஞ்சியில் முக்கி உலர்த்தி, பித்தளைச் செம்பில் தணலிட்டு மடிப்பு வைத்துக் கொடுப்பார்கள். காலைப் பிரார்த்தனைவரை மடிப்பு நிற்கும். பிறகு பழைய கதைதான். பெயரளவில் ஒரே உடுப்பாக இருந்தால் போதாது, துணியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதை நாம் துணி வியாபாரத்துக்கு வருமுன்பே அங்கே கற்றுக்கொண்டோம்.

சிங்கப்பூரில் அந்தக் குறை இல்லை. இங்கே ஒரு பள்ளியின் பிள்ளைகள் எல்லோரும் ஒரே துணியைத்தான் அணிகிறார்கள். வசதி குறைந்த குடும்பங்களுக்குக் கல்வி அமைச்சின் நிதியுதவித் திட்டத்தில் பாடப்புத்தகமும் சீருடையும் இலவசமாகக் கிடைக்கின்றன. உதவி பெற்ற பிள்ளையின் சட்டை வேறு, காசு கொடுத்து வாங்கிய பிள்ளையின் சட்டை வேறு என்றில்லை. இதை அறியாமலோ கூச்சத்தாலோ நம்மவரில் சிலர் மனுப் போடாமல் கடன் வாங்கிச் சீருடை எடுப்பதை ஒவ்வொரு டிசம்பரிலும் பார்க்கிறோம். சகோதரர்களே, பள்ளி அலுவலகத்தில் கேட்டால் மனுத்தாள் தருவார்கள். அதை வாங்குவதில் இழிவில்லை.

ஆனால் இங்கும் விலை ஒரு பாரந்தான். ஒவ்வொரு பள்ளிக்கும் தனி நிறம், தனி வெட்டு, தனிச் சின்னம். அதற்கென்று நியமிக்கப்பட்ட விற்பனையாளர். நம்போன்ற சில்லறைக் கடைக்காரர் வெள்ளைச் சட்டை ஒன்றைக்கூட அதற்கு ஈடாக விற்க முடியாது. வயிற்றெரிச்சலில் சொல்வதாக எண்ண வேண்டாம். கொஞ்சம் அதுவும் உண்டு! இருந்தாலும் கணக்கைப் பாருங்கள். மூன்று பிள்ளைகளுக்கு ஆளுக்கு மூன்று செட் உடுப்பு, உடற்பயிற்சி உடுப்பு இரண்டு, சப்பாத்து, காலுறை என்று சென்ற வருஷம் நமக்கு 500 வெள்ளிக்குக் குறையவில்லை. மூத்தவன் சட்டை இளையவனுக்கு ஆகுமென்று பார்த்தால் இளையவன் வேறு பள்ளி! நிறம் ஒவ்வாது. தாய்மார்களுக்கு நம் தொழில்முறையில் ஒரு யோசனை: பாவாடையும் கால்சட்டையும் எடுக்கும்போது கீழ்மடிப்பு இரண்டு அங்குலமாவது இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். இருந்தால் பிள்ளை வளர வளர இரண்டு தடவை இறக்கிவிடலாம். ஒரு வருஷச் செலவு மிச்சம்.

துணியின் தன்மையையும் யோசிக்க வேண்டும். பாலியெஸ்டர் கலப்பு அதிகமானால் துணி சீக்கிரம் உலரும், இஸ்திரி வேண்டாம், நெடுநாள் உழைக்கும். ஆனால் வேர்வையை உறிஞ்சாது. 2023-ம் வருஷம் மே மாதம் 13-ந் தேதி அங் மோ கியோவில் வெயில் 37 பாகைக்குப் போயிற்று. அப்போதும் 2024-ல் வந்த வெக்கையிலும் பல பள்ளிகள் உடற்பயிற்சி உடுப்பிலேயே வகுப்புக்கு வரலாமென்று அனுமதித்தன. அதனால் எந்தப் பள்ளியிலும் படிப்புக் கெட்டுப்போகவில்லை. காரணம் இருந்தால் விதி வளையலாம், வளைந்தால் ஒடிந்துவிடாது என்பதற்கு இதைவிட எளிய அத்தாட்சி தேவையில்லை.

இப்போது கூட்டத்தில் சத்தம் உயர்ந்ததற்கான உண்மைக் காரணத்துக்கு வருகிறோம். அது நம் பெண்பிள்ளைகளின் முக்காடு. மலாய்ச் சகோதரர்கள் தூடோங் என்பது.

2002-ம் வருஷத் தொடக்கத்தில், தொடக்கப்பள்ளி முதல் வகுப்பில் சேர்ந்த நான்கு சிறுமிகளை அவர்களுடைய பெற்றோர் முக்காடணிவித்துப் பள்ளிக்கு அனுப்பினார்கள். சீருடை விதிக்கு அது ஒவ்வாது என்று பள்ளிகள் சொல்லின. பெற்றோர் பிடிவாதமாக இருக்கவே பிப்ரவரி மாதத்தில் இடைநீக்கம் வந்தது. வெளிநாட்டுப் பத்திரிகைகளிலெல்லாம் இது பெரிய செய்தியாயிற்று. பள்ளி என்பது எல்லா இனப் பிள்ளைகளும் கலந்து வளரும் பொது இடம், அங்கே வேற்றுமையைக் காட்டும் அடையாளத்தைக் கூட்டக்கூடாது, ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவரும் கேட்பார்கள் என்பது அரசாங்கத்தின் வாதம். சீக்கியப் பிள்ளைகள் தலைப்பாகையோடு பள்ளிக்கு வருகிறார்களே என்று நம்மவர் கேட்டார்கள். அது வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வரும் வழக்கம் என்று பதில் வந்தது. அன்றைய முஃப்தி சையது ஈசா செமைத் அவர்களோ, முக்காட்டைவிடப் பிள்ளையின் படிப்புக்கே முதலிடம் கொடுக்க வேண்டுமென்று பெற்றோருக்கு எடுத்துரைத்தார்கள்.

ஏழு வயதுப் பிள்ளை பருவமடையாதவள். மார்க்கக் கடமைகள் அவள்மீது இன்னும் விதியாகவில்லை என்பது நாம் மத்ரஸாவில் ஓதிய பாடம். பழக்குவது நல்லது; யார் வேண்டாமென்றது? ஆனால் பெரியவர்கள் நடத்தும் வழக்கைப் பிள்ளையின் தலையில் ஏற்றிப் பள்ளி வாசலில் நிறுத்தியது தவறென்றே அன்றும் எண்ணினோம், இன்றும் எண்ணுகிறோம். இதைச் சொன்னால் சில அன்பர்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

அதே சமயம், விதி மாறவே மாறாது என்று கைகட்டி இருப்பவர்களோடும் நாம் சேரவில்லை. பொது மருத்துவமனைகளில் தாதியருக்கும் முக்காடு கூடாதென்றே நெடுங்காலம் இருந்தது. 2013-ல் அந்தக் கேள்வி பொதுமக்களிடையே பெரிதாக எழுந்தது. எட்டு வருஷம் கழித்து, 2021-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் தேசிய தினப் பேருரையில் அன்றைய பிரதமர் லீ சியென் லூங் அவர்கள் அனுமதியை அறிவித்தார்கள். நவம்பர் முதல் தேதியிலிருந்து நடைமுறைக்கு வந்தது. முழங்கைக்குக் கீழே கை திறந்திருக்க வேண்டுமென்ற சுத்த விதி மட்டும் எல்லாத் தாதியருக்கும்போல அவர்களுக்கும் உண்டு. இன்று முக்காடணிந்த தாதியிடம் சீனக் கிழவரும் ஊசி போட்டுக்கொள்கிறார், தமிழ்ப் பாட்டியும் மருந்து வாங்குகிறார். ஆனால் அந்த மாற்றம் பள்ளி மாணவியருக்கு வரவில்லை. ஆசிரியை அணியலாம், பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் படிக்கும் பெண் அணியலாம். இடையில் சீருடையிலிருக்கும் பருவப் பெண்தான் அணிய முடியாது.

நம் மூத்த மகள் உயர்நிலைப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. காலை ஆறேகாலுக்கு முக்காட்டோடுதான் வீட்டிலிருந்து புறப்படுகிறாள். பள்ளி வாசலுக்குச் சற்று முன்பே அதைக் கழற்றி, நாலாக மடித்து, பசியாறும் டப்பா ஒன்றில் வைத்துப் பைக்குள் போட்டுக்கொள்கிறாள். பள்ளி விட்டதும் மறுபடியும் அணிகிறாள். தாங்க முடியாத ஒருநாள் நாமே கேட்டோம், "கஷ்டமாக இருக்கிறதா, அம்மா?" என்று. "கழற்றுவது பழகிவிட்டது வாப்பா. ஆனால் பஸ் ஸ்டாப்பில் என் வகுப்புப் பிள்ளைகளே என்னை அடையாளம் தெரியாமல் தாண்டிப் போகிறார்கள். நான்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது" என்றாள். அவள் வகுப்பில் தலைப்பாகை கட்டிய பையன் ஒருவன் இருக்கிறான். கணக்கு ஆசிரியை தூடோங் அணிந்தே பாடம் நடத்துகிறார். அவர்களை யாரும் பஸ் ஸ்டாப்பில் அடையாளம் தெரியாமல் தாண்டிப் போவதில்லை.

"மத்ரஸாவில் சேர்த்திருக்கலாமே?" என்று கேட்பீர்கள். யோசித்தோம். இத்தீவில் முழுநேர மத்ரஸாக்கள் ஆறுதான். தொடக்கநிலை முதல் வகுப்பில் ஆறுக்கும் சேர்த்தே வருஷத்துக்கு 400 பிள்ளைகள் என்ற வரம்பு வைக்கப்பட்டது. அங்கே ஆங்கிலத்தோடு மலாயும் அரபும் படிக்கிறார்கள். நம் பிள்ளை தமிழை விட்டுவிட வேண்டிவரும். கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946-ல் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. மார்க்கத்தையும் தமிழையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ள நம்மவருக்கு அதுபோல ஓர் இடம் இருந்தது. 1982-ல் அதுவும் மூடப்பட்டது. ஆகவே தமிழுக்கு ஒரு பள்ளி, முக்காட்டுக்கு ஒரு பள்ளி என்று பிரிந்து நிற்கும்போது, நாம் தமிழ் கற்பிக்கும் பள்ளியைத் தேர்ந்தோம். சரியா தவறா என்று சில இரவுகளில் இன்னும் நமக்கு நாமே கேட்டுக்கொள்வதுண்டு.

தாயகத்திலும் இதே வழக்கு நடந்தது. கர்நாடகத்தில் உடுப்பி நகர அரசினர் கல்லூரி ஒன்றில் மாணவியரின் முக்காட்டைத் தடுத்ததில் தொடங்கிய தகராறு மாநிலமெங்கும் பரவியது. 2022-ம் வருஷம் மார்ச் 15-ந் தேதி உயர்நீதிமன்றம் தடையைச் சரியென்றது. அக்டோபர் 13-ந் தேதி உச்ச நீதிமன்றத்தில் இரு நீதிபதிகளும் இருவேறு தீர்ப்பளிக்க, விஷயம் பெரிய அமர்வுக்கென்று விடப்பட்டது. நீதிபதி ஹேமந்த் குப்தா தடையை ஏற்றார். நீதிபதி சுதான்ஷு தூலியாவோ ஏற்கவில்லை. பெண்பிள்ளையின் படிப்பே தம் மனத்தில் முன் நிற்கும் கேள்வி என்பதே அவருடைய நியாயம். இதற்கிடையில் பல மாணவியர் தேர்வெழுதாமல் வருஷத்தை இழந்தார்கள்.

இங்கே ஒன்றை யோசியுங்கள். முஃப்தி அவர்களும் படிப்பே முதல் என்றார்கள். அந்த நீதிபதியும் படிப்பே முதல் என்றார். ஆனால் முஃப்தி அதைப் பெற்றோரைப் பார்த்துச் சொன்னார்கள்: முக்காட்டுக்காகப் பிள்ளையை நிறுத்தாதே என்று. நீதிபதி அதை அரசாங்கத்தைப் பார்த்துச் சொன்னார்: முக்காட்டுக்காகப் பிள்ளையைத் தடுக்காதே என்று. இரண்டும் ஒரே நியாயம். நம் கூட்டத்தில் ஒரு கட்சியார் முதல் பாதியையும், மற்றவர் இரண்டாம் பாதியையும் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டோம். நம்மைப் பொறுத்தமட்டில், முதல் பாதி நம் கையிலிருக்கிறது, இன்றே செய்யலாம். இரண்டாம் பாதியைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

எப்படிக் கேட்பது? நாம் முதலில் சொன்ன எடைக்கல்லை வைத்தே கேட்கலாம். முக்காடு தகப்பனின் பணப்பையைக் காட்டுகிறதா? நம் கடையில் 45 அங்குலச் சதுர முக்காடு ஆறு வெள்ளிக்கும் உண்டு, கல் பதித்து ஜரிகை வைத்து அறுபது வெள்ளிக்கும் உண்டு. அறுபது வெள்ளி முக்காடு பள்ளிக்கு வந்தால் ஊரில் நாம் கண்ட காக்கிக் கதைதான். ஆகவே பள்ளியே ஒரு நிறம், ஒரு துணி, ஒரு விலை என்று வைக்கட்டும். ஊசி குத்தாமல் தலைவழியே போட்டுக்கொள்ளும் தையலாக இருக்கட்டும். சீருடை விற்பவரே அதையும் விற்கட்டும், நமக்கு வியாபாரம் வராவிட்டாலும் பரவாயில்லை. பருவமடைந்த பெண்ணுக்கு, அவளே விரும்பினால் மட்டும். வீட்டில் அடித்து அணிவிக்கும் தகப்பனுக்காக நாம் வாதாட வரவில்லை. அப்போது அதுவும் சீருடையின் ஒரு பகுதியே தவிர அதற்கு மாறானதன்று. இஹ்ராமில் பெண்களின் உடுப்பைப்பற்றி மேலே எழுதியதை இந்த இடத்தில் மீண்டும் ஒருமுறை படிக்க வேண்டுகிறோம்.

இனி, கைக்கெட்டிய காரியம். பள்ளி விடுமுறை தொடங்கியதும் பழைய சீருடைகளைச் சேகரிப்பதென்று நமது சங்கம் தீர்மானித்திருக்கிறது. ஒரே பள்ளிப் பிள்ளைகளுக்குள் மாற்றிக்கொடுத்தால் நிறம் ஒவ்வாத தொல்லை இராது. துவைத்து, பொத்தான் சரிபார்த்து, பள்ளியின் பெயரையும் அளவையும் சீட்டில் எழுதி, நவம்பர் கடைசிக்குள் நம் கடையில் சேர்ப்பிக்கவும். அஸர் தொழுகைக்குப் பிறகு யாராவது ஒருவர் கடையில் இருப்போம். பெறுகிறவர் பெயரை எழுதிவைக்க மாட்டோம். சீட்டைக் குண்டூசியால் குத்தாமல் நூலால் கட்டிக் கொடுங்கள். சென்ற தடவை மூட்டை பிரித்ததில் நம் விரல் இரண்டு நாள் வீங்கிவிட்டது.